கப் மேட்சிலிருந்து அடுக்கு லீக்குக்கு: குமரி மேற்கு எல்லையில் கால்பந்தை மாற்றி அமைக்கும் வழி

32 அணிகள் சேரும் நாக்-அவுட் கப்பில் மொத்தம் 31 ஆட்டம். முதல் சுற்று முடிந்ததுமே 16 அணிகளுக்கு அந்தக் கப் முடிந்துபோகும். என்ட்ரி ஃபீஸ் கட்டி, ஜெர்சி அடித்து, வேன் பிடித்து வந்த பதினேழு வயசுப் பையனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆட்டம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், பூவார் என்று கால்பந்தில் ஊறிய ஊர்கள் இவை. கப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் ஓர் இளம் ஆட்டக்காரர் ஆண்டு முழுவதும் களத்தில் நிற்கும் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் சொற்பமாகத்தான் வரும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரைக்கும் போனார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை வர வேண்டுமானால் கப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. ஆட்டங்கள் நடக்கும் முறையே மாற வேண்டும்.

24 அணிகளை எட்டு எட்டாகப் பிரித்து மூன்று அடுக்கு லீக் நடத்துவது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுவது. 24 இல்லாமல் 12 அணிதான் இருக்கிறதென்றால் ஆறு ஆறாக இரண்டு அடுக்கு போதும். கணக்கு மாறும், முறை மாறாது.

அமெரிக்க பேஸ்பாலில் நடந்த மாற்றம்

கீழ் அடுக்குகளைக் கலைத்துக் கட்டியதற்குச் சமீபத்திய பெரிய உதாரணம் அமெரிக்க பேஸ்பாலின் மைனர் லீக். நம் ஊர் விளையாட்டு இல்லைதான். ஆனால் அவர்கள் பட்ட பாட்டில் நமக்கு வேண்டிய பாடம் நிறையவே இருக்கிறது.

உச்ச அடுக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள். அவற்றுக்கு ஆள் தயார் செய்து கொடுப்பது மைனர் லீக் அணிகளின் வேலை. இரு தரப்புக்கும் நடுவே இருந்த பழைய ஒப்பந்தம் 2020 செப்டம்பரோடு முடிந்தது; கொரோனாவால் அந்த ஆண்டு மைனர் லீக் ஆட்டங்களே நடக்கவில்லை. 2021-இல் புது அமைப்பு வந்தபோது, 160 ஆக இருந்த இணைப்பு அணிகள் 120 ஆகிவிட்டன. ஒவ்வொரு பெரிய அணிக்கும் நான்கு: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, அதற்குக் கீழே ஒற்றை ஏ. கணக்கு நேராக இருந்தது. ஆனால் 40-க்கும் மேற்பட்ட ஊர்கள் இணைப்பை இழந்தன. பயனியர் லீக் தனித்து இயங்கும் லீக் ஆனது. அப்பலாச்சியன் லீக் கல்லூரி மாணவர்களின் கோடைக்கால லீக் ஆனது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அணி டிரிபிள்-ஏ-விலிருந்து ஒரேயடியாக அடிமட்ட ஏ அடுக்குக்கு இறக்கப்பட்டது. ஆடுகளத்தில் தோற்று இறங்கியிருந்தால் அந்த ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். மேசையில் போட்ட முடிவு என்பதால்தான் கசந்தது.

அந்த மாற்றத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. பயணத்தைக் குறைத்தது முதலாவது. பெரும்பாலான லீக்குகளில் ஓர் ஊருக்குப் போனால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை அங்கேயே ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு என்று வைத்தார்கள். மினசோட்டா அணியின் டிரிபிள்-ஏ இணைப்பு, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரிலிருந்து பக்கத்து நகரமான செயின்ட் பாலுக்கு மாறியது. இரண்டாவது, மைதானத்துக்கு எழுதி வைத்த தரம். விளக்கு, உடை மாற்றும் அறை, பெண் பணியாளர்களுக்கான வசதி எல்லாமே அதில் உண்டு. சரிசெய்யக் கெடுவும் கொடுத்தார்கள். மூன்றாவது, செலவுப் பிரிவினை. ஆட்டக்காரர், பயிற்சியாளர் சம்பளம் பெரிய அணியின் பொறுப்பு. மைதானமும் டிக்கெட்டும் உள்ளூர் அணியின் பொறுப்பு. இது முன்பிருந்தே உள்ள ஏற்பாடு, புது அமைப்பிலும் தொடர்ந்தது. நான்காவது, புது விதிகளைக் கீழ் அடுக்கில் சோதிப்பது. பந்து எறியக் கெடு வைக்கும் கடிகாரத்தை 2022-இல் மைனர் லீக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆட்ட நேரம் சராசரியாக 25 நிமிடம் குறைந்தது. அடுத்த ஆண்டே மேஜர் லீக்குக்கும் அது போனது.

செய்யக் கூடாததற்கும் அங்கேயே உதாரணம் கிடைக்கும். பழைய லீக் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு 2021-இல் ‘டிரிபிள்-ஏ ஈஸ்ட்’ என்கிற மாதிரி மொட்டைப் பெயர் வைத்தார்கள். ஒரே ஆண்டு, 2022-இல் பழைய பெயர்களே திரும்பி வந்தன. உங்கள் ஊரில் யாரோ ஒருவர் நினைவாக நடக்கும் சுழற்கோப்பையின் பெயரை அழித்துவிட்டு ‘டிவிஷன் 2’ என்று போட்டால் அந்தக் குடும்பம் மறு ஆண்டு ஸ்பான்சர் செய்யாது. அடுக்குக்கு அந்தக் கோப்பையின் பெயரையே வைத்துவிடுங்கள்.

ஆட்டக்காரர் கூலி விஷயமும் அவர்கள் ஆறப்போட்டுக் கெட்டதுதான். வழக்கு, சமரசம் என்று இழுத்து, 2023-இல்தான் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அதற்குப் பிறகுதான் 35,800 டாலர் ஆனது. நம்மிடம் சம்பளம் இல்லை என்றாலும் வண்டிக்கூலி, பூட்ஸ், காயம் பட்டால் மருத்துவச் செலவு இவை உண்டு. இவற்றை யார் கொடுப்பது என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

ஒரு பெரிய வித்தியாசம் மனதில் இருக்கட்டும். பேஸ்பாலில் ஏறி இறங்குவது ஆட்டக்காரர், அணி அதே அடுக்கில் நிற்கும். கால்பந்தில் ஏறி இறங்குவது அணி. இங்கே சொல்லும் முறை இரண்டையும் சேர்த்தது. சிக்கல் வரும் இடமும் அதுதான், கீழே பார்ப்போம்.

காலத்தைக் குறிப்பது

ஃபிக்சர் (ஆட்ட அட்டவணை) போட உட்காரும் முன் மூன்று காலண்டரை மேசையில் விரிக்க வேண்டும்: கடல், மழை, திருவிழா.

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் டிராலிங் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூலை 31-இல் முடியும். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகில் போகிறவர்கள் கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். சனி, ஞாயிறு லீக் என்று ஜனவரி முதல் மார்ச் வரை போட்டால், பட்டியலில் பெயர் இருக்கும், களத்தில் ஆள் இருக்காது. ஆள் வராததால் எதிரணிக்கு ஆடாமலே வெற்றி போகும் வாக்கோவர் குவியும். அவர்கள் நிச்சயமாக ஊரில் இருப்பது இரண்டு முறை: கிறிஸ்துமஸ் ஒட்டிய நாட்களும், தடைக்காலமும். எனவே பெரியவர்களின் லீக்கை இரண்டு கட்டமாக வைக்க வேண்டும். டிசம்பர் 26 முதல் ஜனவரி 8 வரை மூன்று சுற்று, ஜூன் 15 முதல் ஜூலை 25 வரை நான்கு சுற்று.

ஜூன், ஜூலை மழைக்காலம் என்று ஆட்சேபம் வரும். நியாயம்தான். கடற்கரை மணல் மைதானங்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். நித்திரவிளை, களியக்காவிளைப் பக்கம் செம்மண் மைதானங்கள் ஒரே மழையில் சேறாகிவிடும். மழைக்கட்டத்து ஆட்டங்களைக் கரையோர மைதானங்களிலும், டிசம்பர் கட்டத்தை உள்பக்கத்துச் செம்மண் மைதானங்களிலும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதன் மேல் நான்கு மழை நாட்களை ஃபிக்சரிலேயே காலியாக விடுங்கள்.

20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு காலண்டர். மார்ச், ஏப்ரல் பரீட்சை. அவர்களின் ஆட்டத்தை ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளிலும் மே மாதத்திலும் வையுங்கள்.

பங்குத் திருவிழா நாட்களில் அந்த ஊர் அணிக்கும் அந்த ஊர் மைதானத்துக்கும் ஆட்டம் கிடையாது. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மறைமாவட்ட நிகழ்ச்சி நாட்களையும் அங்கேயிருந்தே கேட்டு வாங்க வேண்டும். உள்பக்கத்து அணிகளுக்குக் கோயில் கொடை நாட்கள். ஞாயிறு காலையில் பூசை இருப்பதால் எல்லா அடுக்குக்கும் பிற்பகல்தான்.

ஃபிக்சர்

எட்டு அணி ஒருமுறை மோதினால் 28 ஆட்டம், ஏழு சுற்று. ஒவ்வோர் அணிக்கும் உறுதியாக ஏழு ஆட்டம். மூன்று அடுக்கும் சேர்ந்து 84 ஆட்டம். இரட்டைச் சுற்று முதல் ஆண்டிலேயே வேண்டாம். 168 ஆட்டத்துக்கு ரெஃப்ரி கிடைக்க மாட்டார்கள்.

ஜோடி போட எளிய வழி: ஒன்றாம் எண் அணியை அசையாமல் வைத்து, மற்ற ஏழையும் ஒரே திசையில் ஒவ்வோர் இடமாக நகர்த்துவது. மேல் வரிசை 1, 2, 3, 4. அதற்கு நேர் கீழே 8, 7, 6, 5. மேலும் கீழும் சேர்த்தால் முதல் சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. எட்டை மேல் வரிசையில் ஒன்றுக்கு அடுத்து ஏற்றி, நான்கைக் கீழே இறக்கினால் இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4. மூன்றாவது 1-6, 7-5, 8-4, 2-3. இப்படியே மொத்தம் ஆறு முறை நகர்த்தி ஏழு சுற்றும் போட்டால் யாரும் யாருடனும் இரண்டாவது முறை மோத மாட்டார்கள். எண் யாருக்கு எது என்று குலுக்கிப் போடுங்கள், குலுக்குவதை எல்லா அணியின் ஆள் முன்னாலும் செய்யுங்கள். ‘கமிட்டி பார்த்துப் போட்டது’ என்ற பேச்சுக்கு அதற்கு மேல் மருந்து கிடையாது.

ஒரு சுற்றின் நான்கு ஆட்டங்களையும் ஒரே மைதானத்தில் இரண்டு நாளில் முடிக்க வேண்டும், நாளுக்கு இரண்டு. மைதானம் சுற்றுக்குச் சுற்று மாறும். இதனால் கோடு போடுவது, ரெஃப்ரி, தண்ணீர், ஆம்புலன்ஸ் வண்டி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். பயணச் செலவும் எல்லோருக்கும் சமமாகிவிடும். ஆட்ட நேரம் 40-10-40. டிசம்பரில் ஆறு மணியைத் தாண்டினால் வெளிச்சம் போய்விடும். முதல் ஆட்டம் 2.30-க்கும் இரண்டாவது 4.15-க்கும் விசில் ஊத வேண்டும். சிறப்பு விருந்தினர் கை குலுக்கும் நேரத்தை இதிலிருந்து திருடினால் இரண்டாம் ஆட்டத்தின் கடைசி பத்து நிமிடம் இருட்டில்தான் நடக்கும். கை குலுக்கலை இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்.

வெற்றிக்கு 3, சமனுக்கு 1. புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேர் முடிவு, அப்புறம் கோல் வித்தியாசம், அப்புறம் அடித்த கோல், அதற்கும் பிறகு அட்டைக் கணக்கு. கோல் வித்தியாசத்தை முதலில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பாதி ஆளோடு வந்த அணியை 11-0 என்று அடித்தவர்களுக்கு அது இனாமாகப் போய்ச் சேரும்.

வாக்கோவருக்கு 3-0. ஓர் அணி நடுவில் விலகினால்: நான்கு ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அதன் முடிவுகள் எல்லாம் ரத்து; நான்கோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் மீதி ஆட்டங்கள் எதிரணிக்கு 3-0. மழையில் நின்ற ஆட்டம் 60 நிமிடம் கடந்திருந்தால் அப்போதிருந்த கோல் கணக்கே முடிவு. கடக்காவிட்டால் அதே கணக்கிலிருந்து மீதி நிமிடங்கள் மட்டும் மழை நாளில் நடக்கும். முழு ஆட்டத்தையும் மறுபடி வைப்பது, தோற்றுக்கொண்டிருந்தவர் மழைக்கு மெழுகுதிரி ஏற்றத்தான் உதவும்.

ஏற்றமும் இறக்கமும்

கடைசி அணி நேராக இறங்கும், கீழ் அடுக்கின் முதல் அணி நேராக ஏறும். கடைசிக்கு முந்தைய அணியும் கீழ் அடுக்கின் இரண்டாம் அணியும் பொது மைதானத்தில் ஒரு பிளே-ஆஃப் ஆட வேண்டும், வென்றவருக்கு மேல் அடுக்கு. இரண்டு அணியை நேராக இறக்கினால் எட்டில் கால்வாசி மாறிவிடும். ஏழே ஆட்டத்தை வைத்து அவ்வளவு பெரிய தண்டனை அதிகம்.

முதல் ஆண்டு யார் எந்த அடுக்கு? மோதல் தொடங்கும் இடம் இதுதான். ஃபிரெஸ்னோவுக்கு நடந்ததைப் போல மேசையில் முடிவு செய்யாதீர்கள். கடந்த மூன்று ஆண்டு கப் முடிவுகளை வைத்துப் புள்ளி போடலாம்: வென்றவருக்கு 8, இறுதிக்கு வந்தவருக்கு 5, அரையிறுதி 3, காலிறுதி 1. அதில் மேலே வரும் ஆறு அணிகள் முதல் அடுக்கு. மீதி இரண்டு இடத்துக்கு அடுத்த நான்கு அணிகள் ஒரு தகுதிச் சுற்று ஆடட்டும். எந்தெந்தக் கப்புகள் கணக்கில் சேரும் என்பதை, புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் முன்பே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். கூட்டிய பிறகு பேசினால் ஒவ்வோர் அணியும் தான் வென்ற கப்பைத்தான் பெரிய கப் என்று சொல்லும். செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) முடிவுகளைச் சேர்க்காதீர்கள். செவன்ஸில் கொம்பனான அணி லெவன்ஸ் மைதானத்தில் அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

இணைப்பு அணியும் இரட்டை அட்டையும்

பேஸ்பாலிலிருந்து நேரே எடுப்பது இது. முதல் அடுக்கு அணி ஒவ்வொன்றும் கீழ் அடுக்கில் ஓர் அணியோடு இணைப்பு வைக்கலாம். இணைப்பு அணிகளுக்குள் 20 வயதுக்கு உட்பட்ட நான்கு பேருக்கு இரட்டை அட்டை, அதாவது இரண்டு அணியிலும் ஆட அனுமதி. மேலே பெஞ்சில் காத்திருக்கும் பையன் கீழே 80 நிமிடம் ஆடுவான். மேலே யாருக்காவது காயம் என்றால் அவனைக் கூப்பிடலாம். அவனுடைய பூட்ஸ், வண்டிக்கூலி மேல் அணியின் செலவு; மைதானம், தண்ணீர் கீழ் அணியின் செலவு.

ஏமாற்று எங்கே நுழையும் என்பது தெரிந்ததே. கீழ் அணியை ஏற்றிவிட மேல் அணி தன் கெட்டிக்கார ஸ்டிரைக்கரைக் கடைசி இரண்டு ஆட்டத்துக்கு இறக்கும். அதை அடைக்க இந்த விதிகள்: மேல் அடுக்கில் நான்கு ஆட்டத்தில் முதல் பதினொன்றில் இறங்கியவர் அந்தப் பருவத்தில் கீழே ஆட முடியாது. ஒரே நாளில் இரண்டு அணிக்கும் ஆடக் கூடாது. பிளே-ஆஃபில் இரட்டை அட்டை செல்லாது. சிவப்பு அட்டைத் தடை இரண்டு அடுக்கிலும் செல்லும். இதை எழுத மறந்தால் மேலே தடை வாங்கியவர் மறுநாள் கீழே ஆடிக்கொண்டிருப்பார். இணைப்பு அணிகள் இரண்டும் ஒரே அடுக்கில் வந்துவிட்டால் இணைப்பு தானாக ரத்து.

கெஸ்ட், அதாவது பணம் கொடுத்து வெளியிலிருந்து கூட்டி வரும் ஆட்டக்காரர் பற்றிக் கறாராகத்தான் இருக்க வேண்டும். மலபார் செவன்ஸில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து கூட்டம் சேர்க்கிறார்கள். அது டிக்கெட் விற்கும் ஆட்டம், அதன் கணக்கு வேறு. இங்கே முதல் அடுக்கில் அணிக்கு இரண்டு கெஸ்ட், அதுவும் பருவம் தொடங்கும் முன் பதிந்தவர் மட்டும். இரண்டாம், மூன்றாம் அடுக்கில் கெஸ்டே கிடையாது. அணியின் பணத்தில் பெரும்பகுதி கெஸ்டுக்குப் போகிற இடத்தில் உள்ளூர்ப் பையனுக்குப் பூட்ஸ் வாங்க மிஞ்சாது.

இளையவர் விதியை ‘களத்தில் இரண்டு பேர்’ என்று மட்டும் எழுதினால், பத்தாவது நிமிடத்தில் இருவரையும் மாற்றிவிடுவார்கள். நிமிடமாக எழுதுங்கள்: ஏழு ஆட்டத்தில் 20 வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 700 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். இரண்டு பேர் முழு நேரம் ஆடினாலே 1,120 வரும், ஆகவே 700 பெரிய பாரம் இல்லை. குறைந்தால் ஒரு புள்ளி வெட்டு. நான்காவது அதிகாரிக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தால் போதும், இறங்கிய நிமிடம், ஏறிய நிமிடம் இரண்டையும் அவரே குறிப்பார்.

பதிவு

எல்லை ஊர்களில் ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவார், வேண்டுமென்றே இல்லாமலும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ‘எம். ஜான்’, கேரளப் பள்ளிச் சான்றிதழில் பின்னால், ‘ஜான் எம்’. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு விதம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரட்டைப் பதிவு பிடிபடாது. முழுப் பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் ஐந்தும் ஒரே எக்செல் தாளில் ஏற வேண்டும். பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தால் இரட்டைப் பதிவு பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ வேண்டும்; ஆதாரில் உள்ள தேதியை மட்டும் நம்ப வேண்டாம்.

மாவட்டச் சங்கத்தில் ஏற்கெனவே பதிந்த ஆட்டக்காரர்கள் விஷயத்தில் கவனம். தமிழ்நாட்டு, கேரளச் சங்கங்கள் இரண்டுக்கும் லீக்கின் விதிகளோடு கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். சங்கத்தின் அனுமதி இல்லாத போட்டியில் ஆடினால் தண்டனை வருவது ஆட்டக்காரருக்குத்தான், நடத்துகிறவருக்கு இல்லை.

கமிட்டியைச் சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். குமரியில் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். இரண்டு மாநிலத்திலும் பதிவு வேண்டாம், ஓரிடம் போதும். ஆனால் நிர்வாகிகளில் எல்லைக்கு இரு பக்கத்தவரும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, ஒரே ஊர்க்காரர் இருவர் ஆகாது.

மைதானத் தரம்

பேஸ்பால்காரர்களைப் போலவே எழுதிய தரம் வையுங்கள், ஆனால் முதல் ஆண்டில் கட்டாயம் என்று சொல்வது ஐந்தே விஷயம். நீளம் குறைந்தது 90 மீட்டர், அகலம் 50. கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் தடையில்லாத இடம். தரையில் ஊன்றிய கோல்போஸ்ட், 7.32 மீட்டருக்கு 2.44. வண்டி உள்ளே வரும் வழி. தண்ணீரும் கழிவறையும். உடை மாற்றும் அறை, கம்பி வேலி, உட்காரும் படிகள் எல்லாம் மூன்றாம் ஆண்டுக்குள் என்று கெடு கொடுக்கலாம்.

கோல்போஸ்ட்டைச் சும்மா நிறுத்தி வைப்பது உயிருக்கே ஆபத்து. சிறுவர்கள் குறுக்குக் கம்பியில் தொங்கினால் முன்னால் சாயும். இரும்புப் போஸ்ட்டைக் குழியில் இறக்கிக் கான்கிரீட் போடுங்கள். எடுத்து வைக்கும் வகை என்றால் பின்சட்டத்தில் மணல் மூட்டை கட்டாயம்.

கோடு போடும்போது மூலை கோணலாவது சகஜம். கயிறு, மூன்று முளை, அளவு நாடா போதும். மூலை முளையிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் அளந்து, அந்த இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் வந்தால் மூலை நேர். பெனால்டி பகுதி 16.5 மீட்டர், பெனால்டி புள்ளி 11, நடுவட்டத்தின் ஆரம் 9.15. சுட்ட சுண்ணாம்புத் தூளைக் கொட்டாதீர்கள்; ஈரத்தில் வெந்து தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். சாக்பீஸ் தூள் விலை கூடுதல்தான், இருந்தாலும் அதுவே சரி. மழைக்கட்டத்தில் தூள் நிற்காது. வெள்ளை எமல்ஷனைத் தண்ணீர் கலந்து ரோலரில் இழுத்தால் ஒரு சுற்று தாங்கும்.

பங்கு மைதானம் என்றால் பங்குத்தந்தையிடம் வாய்மொழியாகக் கேட்டது போதாது. பங்குப் பேரவைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள், நடுவில் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனாலும் அனுமதி நிற்கும். பள்ளி மைதானத்துக்கும் இப்படித்தான். மைக் வைக்கக் காவல் நிலைய அனுமதி தனியாக.

காயம் பட்டால் குழித்துறை அரசு மருத்துவமனையா, பாறசாலை தாலுகா மருத்துவமனையா என்பதை ஒவ்வொரு மைதானத்துக்கும் முன்கூட்டியே தாளில் எழுதி, வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து வையுங்கள். தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும் அவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. எத்தனை முறை ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும் சரி.

ரெஃப்ரி

நாளுக்கு இரண்டு ஆட்டத்துக்கு நான்கு பேர் குழு. முதல் ஆட்டத்தில் ஊதியவர் இரண்டாவதில் நான்காவது அதிகாரி. ஆடும் அணிகளின் ஊர்க்காரர் ஊதக் கூடாது, கொடி பிடிக்கவும் கூடாது. மூன்றாம் அடுக்கில் பணத்தை மிச்சம் பிடிக்க, அன்று ஆடாத அணிகளின் ஆட்களைக் கொடிக்கு நிறுத்தலாம், ஆனால் ஆஃப்சைடு முடிவு நடு ரெஃப்ரியுடையது மட்டும். ஆட்ட அறிக்கையை அன்று இரவே புகைப்படம் எடுத்து நிர்வாகிகள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதும் அறிக்கையில் யார் முதலில் தள்ளியது என்பது மாறிப்போயிருக்கும்.

புது விதியைச் சோதிக்க மூன்றாம் அடுக்குதான் இடம். மஞ்சள் அட்டைக்குப் பத்து நிமிடம் வெளியே என்பது போல எதையாவது ஒன்றை மட்டும் ஒரு பருவத்துக்கு வைத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக வைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பணம்

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ரெஃப்ரிகளுக்கு 1,500 ரூபாய், கோடு போட 300, தண்ணீர், ஐஸ், முதலுதவி 400, பந்துத் தேய்மானம் 200, வண்டி நிறுத்தி வைக்க 600. மொத்தம் 3,000. ஓர் அடுக்கின் 28 ஆட்டத்துக்கு 84,000. எட்டு அணிக்குப் பங்கிட்டால் அணிக்கு 10,500. ஸ்பான்சர் ஒருவரும் வராவிட்டாலும் லீக் நடக்க இந்தத் தொகைதான் தேவை, ஆகவே என்ட்ரி ஃபீஸ் இதுதான். ஸ்பான்சர் பணம் வந்தால் அது பரிசுக்கும் இளையவர் ஆட்டத்துக்கும். தலைகீழாகச் செய்து, ஸ்பான்சரை நம்பி என்ட்ரி ஃபீஸைக் குறைத்த லீக்குகள் ஐந்தாம் சுற்றில் ரெஃப்ரிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நிற்கும்.

பரிசுத்தொகை மொத்த வரவில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். முதல் பரிசு பெரிதாக இருந்தால் கெஸ்ட் கேட்கும் தொகையும் அதே அளவுக்கு ஏறும்.

என்ட்ரி ஃபீஸ் போக, அணிக்கு 5,000 ரூபாய் திருப்பித் தரும் வைப்புத்தொகை. வாக்கோவருக்கு அதிலிருந்து 1,500 பிடித்து, வந்து காத்திருந்த எதிரணிக்கு வண்டிக்கூலியாகக் கொடுத்துவிடுங்கள், கமிட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சேப மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம், ஆட்டம் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், எழுத்தில். மனு சரியென்றால் பணம் திரும்பும். ரெஃப்ரியின் கண் முடிவுகள் மேல், அதாவது பெனால்டி, ஆஃப்சைடு மேல், மனு வாங்கவே கூடாது; பதிவு, வயது, தடை மீறல், மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை இவற்றின் மேல் மட்டும். மனுவை விசாரிக்கும் மூவரில் அந்த அடுக்கைச் சேர்ந்த அணிக்காரர் யாரும் இருக்கக் கூடாது. முதல் அடுக்கு மனுவை மூன்றாம் அடுக்குக்காரர்களும், மூன்றாம் அடுக்கு மனுவை முதல் அடுக்குக்காரர்களும் விசாரிக்கலாம். இணைப்பு அணிக்காரர் இருந்தால் அவர் எழுந்துவிட வேண்டும். முடிவு 48 மணி நேரத்தில், அடுத்த சுற்று விசிலுக்கு முன்.